கிளை அலுவலகம் இணையத்துக்கு மாறிய பிறகு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

எம்பிஎல்எஸ் லிங்க் (சேவை நிறுவனம் தரும் தனி இணைப்பு) மட்டும் இருந்த காலத்தில் கிளையில் ஏதாவது ஓடவில்லை என்றால் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான். எல்லா பாக்கெட்டும் அதே லிங்கில் தலைமை அலுவலகத்துக்கு வரும், அங்கிருந்துதான் வெளியே போகும். இப்போது அந்த இடத்தில் இரண்டு பிராட்பேண்ட் லிங்க், ஒரு மொபைல் சிம், ஐபிசெக் டனல்கள் (இணையத்தின் மேல் போகும் குறியாக்கப்பட்ட வழிகள்), எஸ்டி-வான் பெட்டி (எது எந்த லிங்கில் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் கருவி), கிளவுடில் ஒரு பாதுகாப்புச் சேவை என்று பலதும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஒரே கணினியிலிருந்து மின்னஞ்சல் ஒரு வழியில் போகிறது, கணக்கு மென்பொருள் இன்னொரு வழியில் போகிறது, வீடியோ அழைப்பு மூன்றாவது வழியில். ஆகவே "நெட் வரவில்லை" என்று புகார் வந்தால் முதல் கேள்வி "எந்த வழியில் போனது?" என்பதுதான். அதற்குப் பதில் தெரியாமல் ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்வதும் விதிகளை மாற்றுவதும் வீண் வேலை. சில நேரம் அந்த ரீஸ்டார்ட்டே லாக்கில் இருந்த தடயத்தை அழித்துவிடும்.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். அடுத்த பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

எதையும் தொடுவதற்கு முன்

கிளையில் உள்ள ஒரு கணினியிலிருந்து சோதியுங்கள். தலைமை அலுவலகத்தில் இருந்துகொண்டு கிளை ரவுட்டரை பிங் செய்தால் ரவுட்டர் உயிரோடு இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். ரவுட்டருக்குள் நுழைந்து அங்கிருந்து செய்யும் பிங்கும் ஏமாற்றும். அது பெரும்பாலும் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியிலிருந்து கிளம்பும். பயனரின் பாக்கெட் உள் நெட்வொர்க் முகவரியிலிருந்து கிளம்பும். இரண்டுக்கும் விதி வேறு, வழி வேறு.

அந்தக் கணினியில் நான்கு காரியம் செய்யுங்கள். 8.8.8.8 போன்ற ஒரு வெளி முகவரியை பிங் செய்யுங்கள். பிறகு ஒரு தளத்தைப் பெயர் சொல்லி பிங் செய்யுங்கள். தலைமை அலுவலக சர்வர் ஒன்றை அதன் உள் முகவரியில் பிங் செய்யுங்கள். கடைசியாக, "என் ஐபி என்ன" என்று காட்டும் தளம் ஒன்றைத் திறந்து, வெளியுலகுக்கு இந்தக் கிளை எந்த முகவரியில் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முகவரி போகிறது, பெயர் போகவில்லை என்றால் டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை). வெளியே போகிறது, சர்வர் போகவில்லை என்றால் டனல். எல்லாமே போகின்றன, செயலி மட்டும் ஓடவில்லை என்றால் எம்டியூ (ஒரு வழியில் போகக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவு), விதிகள், சான்றிதழ் இந்த மூன்றில் ஒன்று. நான்காவது சோதனைதான் அதிகம் பேர் விட்டுவிடுவது; வழி எது என்பதை நேராகச் சொல்வதும் அதுதான். காட்டும் முகவரி முதல் லிங்குடையதா, இரண்டாவது லிங்குடையதா, தலைமை அலுவலகத்துடையதா, கிளவுட் பாதுகாப்புச் சேவையுடையதா என்று பாருங்கள். எதிர்பார்த்த முகவரி இல்லையென்றால் பாதிப் பிழை கிடைத்த மாதிரிதான்.

அப்புறம், புகார் சொன்னவர் வைஃபையில் இருக்கிறாரா கேபிளில் இருக்கிறாரா என்று கேளுங்கள். வைஃபை சிக்னல் கோளாறை எஸ்டி-வான் மேல் போட்டு ஒரு நாள் முழுக்கத் தேடும் கதை அடிக்கடி நடக்கிறது.

டனல் எழவே இல்லை

ஐபிசெக் பேச்சுவார்த்தை யூடிபி 500-இல் தொடங்கும். நடுவில் என்ஏடி (பாக்கெட்டின் முகவரியை மாற்றும் ஏற்பாடு) இருப்பது தெரிந்தால் இரு முனைகளும் யூடிபி 4500-க்கு மாறிக்கொள்ளும். என்ஏடி இல்லையென்றால் தரவு இஎஸ்பி என்ற தனி நெறிமுறையில் போகும். அதன் எண் 50, அதற்கு போர்ட் கிடையாது. எனவே கிளையின் வெளிப்பக்கத்தில் பாக்கெட் பிடித்துப் பாருங்கள். 500-இல் அனுப்புகிறது, பதிலே இல்லை என்றால் நடுவில் தடை இருக்கிறது, அல்லது எதிர்முனை முகவரி தவறு. 500-இல் போய் வந்து, 4500-க்கு மாறிய இடத்தில் நின்றுபோனால் எங்கோ ஒரு ஃபயர்வாலில் 4500 திறக்கப்படவில்லை.

ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்குகிறதா? அப்படியானால் சேவை நிறுவனம் பலரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. மொபைல் சிம்மில் இது சர்வ சாதாரணம். அந்தக் கிளையை வெளியிலிருந்து கூப்பிட முடியாது. கிளைதான் தொடங்க வேண்டும், மறுமுனை பதில் மட்டும் சொல்லும்படி அமைக்க வேண்டும். இரு கிளைகளும் இதே நிலையில் இருந்தால் அவற்றுக்கிடையே நேரடி டனலை நம்ப வேண்டாம். பொது முகவரி உள்ள ஒரு மையம் வழியாகவே போக விடுங்கள்.

லாக்கில் பிழைச்செய்தி வந்தால் வேலை சுலபம். "நோ புரோபோசல் சோசன்" என்றால் குறியாக்க முறை, ஹேஷ் (தரவு மாறவில்லை என்று சரிபார்க்கும் முறை), டிஹெச் குழு (சாவியை உருவாக்கும் கணக்கு முறை) இவற்றில் ஒன்று இரு பக்கமும் பொருந்தவில்லை. "ஆதன்டிகேஷன் ஃபெயில்டு" என்றால் ரகசியச் சொல் தவறு, அல்லது அடையாளப் பெயர் தவறு. ரவுட்டர் என்ஏடிக்குப் பின்னால் இருக்கும்போது தன் அடையாளமாக உள் முகவரியை அனுப்பும். மறுமுனை பொது முகவரியை எதிர்பார்த்துக் காத்திருக்கும். ரகசியச் சொல்லைப் பத்து முறை மாற்றினாலும் இது சரியாகாது. அடையாளத்துக்கு முகவரியை விட்டுவிட்டு ஒரு பெயரைக் கொடுத்துவிடுங்கள். "டிஎஸ் அன்அக்செப்டபிள்" என்றால் எந்த நெட்வொர்க்கிலிருந்து எந்த நெட்வொர்க்குக்கு என்ற பட்டியல் இரு பக்கமும் ஒத்துப்போகவில்லை.

ரகசியச் சொல் போட்டால் எழுகிறது, சான்றிதழ் போட்டால் எழவில்லை என்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். முதலாவது, கடிகாரம். மின்சாரம் போய் வந்த பெட்டி பழைய தேதியில் விழித்துக்கொள்ளும். சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று மறுத்துவிடும். நேர சர்வரைத் தலைமை அலுவலகத்தில் மட்டும் வைத்திருந்தால் இன்னும் மோசம்: நேரம் சரியாக டனல் வேண்டும், டனல் எழ நேரம் வேண்டும். வெளியே உள்ள ஒரு நேர சர்வரையும் சேர்த்து வையுங்கள். இரண்டாவது, பாக்கெட்டின் அளவு. சான்றிதழ் சேர்ந்தால் ஐகேஇ (ஐபிசெக் பேச்சுவார்த்தைக்கான நெறிமுறை) செய்தி ஒரு பாக்கெட்டில் அடங்காமல் துண்டாகும்; துண்டுகளைத் தூக்கி எறியும் கருவிகள் வழியில் நிறைய உண்டு. 2014-இல் வந்த ஆர்எஃப்சி 7383 என்ற இணையத் தர ஆவணம் இதற்காகவே ஐகேஇ தன் செய்தியைத் தானே துண்டாக்கும் வழியைக் கொடுத்தது. இரு முனையிலும் அதை இயக்கினால் போதும்.

டனல் பச்சை காட்டுகிறது, ஒன்றும் போகவில்லை

டனலின் எண்ணிகளைப் பாருங்கள். குறியாக்கி அனுப்பியவை எத்தனை, வந்து குறிநீக்கியவை எத்தனை என்று இரண்டு எண்கள் இருக்கும். பிங்கை ஓடவிட்டுக்கொண்டே இரண்டும் ஏறுகின்றனவா என்று கவனியுங்கள்.

அனுப்பியதே ஏறவில்லை என்றால் பாக்கெட் டனலுக்குள் நுழையவில்லை. ரூட் இல்லாமல் இருக்கலாம். அதைவிட அதிகம் நடப்பது என்ஏடி விதி. உள்ளூரில் நேராக இணையத்துக்குப் போவதற்காகப் போட்ட முகவரி மாற்றும் விதி, டனலுக்குப் போக வேண்டியதையும் சேர்த்து மாற்றிவிடும். மாறிய முகவரி டனலின் பட்டியலில் இல்லை, அதனால் வெளியே போய்த் தொலைகிறது. உள் நெட்வொர்க்கிலிருந்து உள் நெட்வொர்க்குக்குப் போவதற்கு மாற்றம் வேண்டாம் என்ற விலக்கு, பொது விதிக்கு மேலே இருக்க வேண்டும்.

அனுப்பியது ஏறுகிறது, வந்தது பூஜ்யம் என்றால் மறுமுனைக்குப் போய் அதே எண்களைப் பாருங்கள். அங்கே வந்தது ஏறியிருந்தால் போகும் வழி சரி, திரும்பும் வழிதான் இல்லை. தலைமை அலுவலகத்தில் இந்தக் கிளையின் நெட்வொர்க்குக்கு ரூட் இன்னும் பழைய எம்பிஎல்எஸ் ரவுட்டரைக் காட்டிக்கொண்டிருக்கலாம். மாற்றம் நடக்கும் வாரங்களில் இரண்டு அமைப்பும் சேர்ந்து ஓடும்போது இதுதான் முதலில் சந்தேகப்பட வேண்டியது. போவது டனலில், வருவது எம்பிஎல்எஸ்ஸில் என்றால், நடுவில் உள்ள ஃபயர்வால் தொடக்கத்தைப் பார்க்காத இணைப்பு என்று சொல்லிக் கைவிட்டுவிடும். விதியில் அனுமதி இருக்கும், ஆனாலும் போகாது. ஒரு கிளை எந்த நேரத்திலும் ஒரே பக்கமிருந்து மட்டும் அறிவிக்கப்பட வேண்டும். இரண்டு பக்கமும் அறிவித்தால் எதற்கு முன்னுரிமை என்பதை நீங்களே எழுதிவைக்க வேண்டும்.

இரண்டு கிளைகள் 192.168.1 என்ற ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் எந்த டனலும் உதவாது. ஒன்றின் முகவரிகளை மாற்றுங்கள். ஒன்றுக்கு ஒன்றாக முகவரி மாற்றும் விதி போட்டுச் சமாளிக்கலாம்தான், ஆனால் அடுத்து வருபவர் உங்களைத் திட்டுவார்.

எழுகிறது, கொஞ்ச நேரம் கழித்து விழுகிறது

எவ்வளவு நேரம் கழித்து என்பதில்தான் விடை இருக்கிறது. லாக்கிலிருந்து விழுந்த நேரங்களை எடுத்து வரிசையாக எழுதுங்கள்.

சரியாக ஒரு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று வந்தால் அது சாவி புதுப்பிக்கும் நேரம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஐகேஇ இரண்டாம் பதிப்பில் முதல் தரவு டனலின் சாவி, தொடக்கப் பேச்சுவார்த்தையில் கிடைத்ததிலிருந்தே உருவாகிறது. தரவு டனலுக்கென்று தனியாகக் கொடுத்த டிஹெச் குழு முதல் முறை பயன்படுவதே இல்லை. அது இரு பக்கமும் வேறாக இருந்தாலும் டனல் அழகாக எழும், எல்லாரும் கைகுலுக்கிவிட்டுப் போவார்கள். முதல் சாவிப் புதுப்பிப்பில்தான் மாட்டிக்கொள்ளும். ஆகவே புதிய டனலைக் கட்டியதும் கையாலேயே ஒரு முறை சாவியைப் புதுப்பிக்கச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

யாரும் வேலை செய்யாத நேரத்துக்குப் பிறகு விழுந்தால் நடுவிலுள்ள என்ஏடி கருவி பதிவை அழித்துவிட்டது என்று பொருள். 4500-இல் உயிர்க்குறிப்பு பாக்கெட் அனுப்புவதை இயக்குங்கள். அதன் வழக்கமான இடைவெளி 20 நொடி. மொபைல் லிங்கில் அதைக் கூட்ட வேண்டாம். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழுந்தால் சேவை நிறுவனம் முகவரியை மாற்றுகிறதா என்று பாருங்கள். எந்த ஒழுங்கும் இல்லாமல் விழுந்தால் டனலை விட்டுவிட்டு லிங்கைப் பாருங்கள்.

பிங் போகிறது, பக்கம் திறக்கவில்லை

இந்த வகை நெட்வொர்க்கில் மிக அதிகம் நேரத்தைத் தின்பது இதுதான். உள்நுழைவுப் பக்கம் வரும், பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்ததும் சுற்றிக்கொண்டே இருக்கும். கோப்புகளின் பட்டியல் தெரியும், கோப்பு திறக்காது. சின்னது போகிறது, பெரியது போகவில்லை என்ற வடிவம் தெரிந்தாலே எம்டியூவைப் பிடியுங்கள்.

ஈத்தர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். பிபிபிஓஇ லிங்க் (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிராட்பேண்ட்) அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்கிறது, மிச்சம் 1492. ஜிஆர்இ (குறியாக்கம் இல்லாத டனல் வகை) போட்டால் 24 போகும். ஐபிசெக் குறியாக்க முறையைப் பொறுத்து 50 முதல் 80 வரை எடுக்கும். இவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் உள்ளே இருக்கும் பாக்கெட்டுக்கு 1400 சுமாராகத்தான் இடம் கிடைக்கும். கணினிக்கு இது தெரியாது; 1500-ஐ அனுப்பி, துண்டாக்கக் கூடாது என்ற குறியையும் போட்டுவிடும். நடுவில் உள்ள ரவுட்டர் "பெரிதாக இருக்கிறது, குறைத்துக்கொள்" என்று ஐசிஎம்பி (பிங்கும் பிழை அறிவிப்புகளும் போகும் நெறிமுறை) செய்தியில் சொல்ல வேண்டும். 1990-இல் எழுதப்பட்ட ஆர்எஃப்சி 1191 முதல் ஏற்பாடு அதுதான். ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பி முழுவதையும் தடுத்து வைத்திருக்கும் ஃபயர்வால்கள் ஏராளம். செய்தி வந்து சேராது, கணினி அதே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும்.

சோதனை எளிது. கிளைக் கணினியிலிருந்து டனலுக்கு அந்தப் பக்கம் உள்ள சர்வரை, துண்டாக்காதே என்ற குறியோடு 1472 பைட் அளவில் பிங் செய்யுங்கள். விண்டோஸில் அதற்கு மைனஸ் எஃப், மைனஸ் எல் என்ற இரண்டு தேர்வுகள். பிங்குடன் தலைப்புகள் 28 பைட் சேரும், ஆக மொத்தம் 1500. போகவில்லை என்றால் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, போகும் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடியுங்கள். அது 1372 என்று வைத்துக்கொள்வோம். 28 சேர்த்தால் அந்த வழியின் எம்டியூ 1400. டிசிபி தலைப்புகளுக்கு 40 கழித்தால் எம்எஸ்எஸ் (ஒரு டிசிபி பாக்கெட்டில் அடங்கும் தரவின் உச்ச அளவு) 1360. ரவுட்டரின் டனல் முகப்பில் எம்எஸ்எஸ்ஸை அந்த அளவுக்கு வெட்டும்படி அமையுங்கள். இரண்டு லிங்க் இருந்தால் இரண்டிலும் அளந்து, சிறியதை வையுங்கள். இல்லாவிட்டால் லிங்க் மாறும் நாளில் மட்டும் தலைகாட்டும் ஒரு கோளாறை நீங்களே விதைத்தவர் ஆவீர்கள்.

எம்எஸ்எஸ் வெட்டுவது டிசிபிக்கு மட்டும்தான். யூடிபிக்கு அது உதவாது. அதனால்தான் எல்லாம் சரியான பிறகும் கிளையில் சான்றிதழ் வழி வைஃபை உள்நுழைவு மட்டும் தோற்கும். ரேடியஸ் (உள்நுழைவைச் சரிபார்க்கும் நெறிமுறை) யூடிபியில் போகிறது, சான்றிதழ் பெரியது, துண்டு தொலைகிறது. ரேடியஸ் சர்வரில் ஃபிரேம்டு எம்டியூ மதிப்பைக் குறைத்தால் சான்றிதழைச் சிறு சிறு துண்டுகளாக அதுவே அனுப்பும். கூடவே, ஐசிஎம்பி வகை 3, குறியீடு 4 செய்தியை எல்லா ஃபயர்வாலிலும் அனுமதியுங்கள். அதைத் தடுப்பதால் யாருக்கும் பாதுகாப்பு கூடியதாக எனக்குத் தெரியவில்லை.

அழைப்பில் குரல் வெட்டுகிறது, அல்லது ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது

இவை இரண்டும் வேறு வேறு நோய்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் அது முகவரிப் பிரச்சினை. ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். உதவுவதாக நினைத்து அழைப்புச் செய்திக்குள் இருக்கும் முகவரிகளைத் திருத்திக் குழப்பும். அணைத்துவிட்டுச் சோதியுங்கள். சேவை நிறுவனம் கொடுத்த மோடத்திலும் அது இருக்கலாம், மறந்துவிட வேண்டாம்.

வெட்டி வெட்டிக் கேட்டால் அனுப்பும் திசையைக் கவனியுங்கள். கிளையில் ஒருவர் பெரிய கோப்பு ஒன்றை மேலேற்றும்போது வெளி முகவரி ஒன்றுக்குப் பிங் ஓடட்டும். சும்மா இருக்கும்போது 20 மில்லிநொடி, ஏற்றும்போது 400 என்றால் மோடத்தின் வரிசையில் பாக்கெட்டுகள் தேங்கி நிற்கின்றன. ஐடியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் ஜி.114 பரிந்துரைப்படி ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும். இதற்கு மருந்து அதிக வேக லிங்க் வாங்குவது இல்லை. வரிசை சேவை நிறுவனத்தின் மோடத்தில் நிற்காமல் உங்கள் பெட்டியில் நிற்க வேண்டும். அங்கேதான் குரலுக்கு முன்னுரிமை கொடுக்க உங்களுக்கு அதிகாரம் உண்டு. ஏற்றும் வேகத்தை அளந்து, அதில் 90 விழுக்காட்டுக்கு வரம்பு போடுங்கள். பெட்டியில் எஃப்க்யூ-கோடெல் (வரிசையில் தேக்கத்தைக் குறைக்கும் முறை) இருந்தால் அதை இயக்குங்கள். விற்பனையாளர் சொன்ன வேகத்தை வைத்து வரம்பு போட்டால் பயனில்லை. கிளையின் பரபரப்பான நேரத்தில் அளந்த எண் வேண்டும்.

எம்பிஎல்எஸ்ஸில் குரல் பாக்கெட்டை டிஎஸ்சிபி 46 (முன்னுரிமைக் குறி) என்று குறித்தால் வழி நெடுக மரியாதை கிடைத்தது. பொது இணையத்தில் அந்தக் குறியை யாரும் மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பழைய கியூஓஎஸ் (முன்னுரிமை) அமைப்பை அப்படியே நகலெடுத்துவிட்டு அது வேலை செய்வதாக நம்பிக்கொண்டிருக்கும் கிளைகள் பல. உங்கள் கையில் இருப்பது கிளையிலிருந்து கிளம்பும் திசை. டனல் வழியாக வருவதற்கு மறுமுனையில் கிளைவாரியாக வரம்பு போடலாம், அவ்வளவுதான். கணக்குப் போடும்போது ஒன்று: ஜி.711 (குரலை எண்ணாக மாற்றும் முறை) அழைப்பு 64 கிலோபிட் என்பது குரலுக்கு மட்டும். ஐபி தலைப்புகளோடு அது 80, ஐபிசெக்குக்குள் போனால் 100-ஐத் தாண்டும்.

மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் அழைப்பு மட்டும் மோசம் என்றால் யூடிபி 3478 முதல் 3481 வரை நேராக வெளியே போகிறதா என்று பாருங்கள். தடுத்திருந்தால் அது டிசிபி 443-க்கு இறங்கிவிடும். அழைப்பு நடக்கும், ஆனால் பாக்கெட் தொலையும் ஒவ்வொரு முறையும் திணறும்.

வேக சோதனை பிரமாதம், கிளவுட் செயலி மந்தம்

இங்கே பெரும்பாலும் குற்றவாளி டிஎன்எஸ். கிளையின் கணினிகள் தலைமை அலுவலக டிஎன்எஸ் சர்வரைக் கேட்கின்றன. அது தன் இடத்துக்கு அருகிலுள்ள முகவரியைக் கொடுக்கிறது. பாக்கெட் உள்ளூர் லிங்கில் வெளியேறி, தலைமை அலுவலகம் இருக்கும் ஊரில் உள்ள முனைக்கு நடக்கிறது. கிளைக்குப் பக்கத்திலேயே அதே சேவையின் முனை சும்மா இருக்கும். கிளையிலிருந்து அதே பெயரை ஒரு பொது டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டு, கிடைக்கும் முகவரியையும் பிங் நேரத்தையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் உள் பெயர்களுக்கு மட்டும் தலைமை அலுவலகம், மற்றதெல்லாம் உள்ளூர் என்று டிஎன்எஸ்ஸைப் பிரியுங்கள். அப்படிப் பிரிக்கும்போது பாதுகாப்புச் சேவையின் டிஎன்எஸ் வடிகட்டியைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஎன்எஸ் சரியென்றால் ப்ராக்ஸியைப் பாருங்கள். உலாவியில் பழைய ப்ராக்ஸி அமைப்புக் கோப்பு இன்னும் இருந்தால், உள்ளூர் வெளியேற்றம் என்று எவ்வளவு விதி எழுதினாலும் போக்குவரத்து தலைமை அலுவலகத்துக்குப் போய்த்தான் திரும்பும். தொடக்கத்தில் சொன்ன நான்காவது சோதனை இதை உடனே காட்டிக்கொடுக்கும்.

முதல் நொடிகள் மட்டும் இழுத்து, பிறகு வேகமாக ஓடினால் இரண்டு சந்தேகங்கள். யூடிபி 443-ஐ ஃபயர்வால் சத்தமில்லாமல் கைவிடுகிறதா? உலாவி குயிக் நெறிமுறையில் முயன்று, பதில் வராததால் டிசிபிக்கு மாறுகிறது. தடுக்கத்தான் வேண்டும் என்றால் மறுப்புச் செய்தியோடு தடுங்கள், மாறுவது வேகமாக நடக்கும். அல்லது ஐபிவி6 முகவரி கிடைக்கிறது, வழி இல்லை. ஐபிவி6-இல் வேகத்தைவிடப் பாதுகாப்புக் கவலையும் உண்டு: சேவை நிறுவனம் அதைத் தானாக இயக்கியிருந்து, உங்கள் விதிகள் ஐபிவி4-க்கு மட்டும் எழுதப்பட்டிருந்தால், வடிகட்டியின் பக்கவாட்டில் ஒரு கதவு திறந்திருக்கிறது.

சான்றிதழ் எச்சரிக்கை, சில செயலிகள் மட்டும் மறுப்பு

பாதுகாப்புச் சேவை டிஎல்எஸ்ஸை (வலைத்தளங்களின் குறியாக்கத்தை) பிரித்துப் பார்க்கிறதென்றால் எல்லாக் கருவிகளிலும் அதன் மூலச் சான்றிதழ் இருக்க வேண்டும். உலாவி திறக்கிறது, ஒரு செயலி மட்டும் மறுக்கிறது என்றால் அந்தச் செயலி இயங்குதளத்தின் பட்டியலைப் பார்ப்பதில்லை. ஜாவாவுக்குத் தனிப் பட்டியல் உண்டு, பைத்தான் நூலகங்கள் பலவற்றுக்கும் உண்டு. ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் நிறுவிய சான்றிதழைச் செயலிகள் இயல்பாக நம்புவதில்லை. சில செயலிகள் தங்கள் சான்றிதழை உள்ளேயே பதித்து வைத்திருக்கும். அவற்றுக்கு விலக்கு தவிர வேறு வழி கிடையாது. மைக்ரோசாஃப்டே தன் 365 சேவைகளில் முதன்மையான முகவரிகளுக்குப் பிரித்துப் பார்ப்பதும் ப்ராக்ஸியும் வேண்டாம், கிளையிலிருந்து நேராக விடுங்கள் என்றுதான் பரிந்துரைக்கிறது.

விலக்குப் பட்டியலைக் குறிப்பிட்ட பெயர்களுக்கு மட்டும் எழுதுங்கள். "இந்தக் கிளை முழுவதுக்கும் விலக்கு" என்று தற்காலிகமாகப் போட்ட விதிக்கு ஆயுள் கெட்டி.

உள்நுழைந்ததும் வெளியே தள்ளுகிறது

வங்கித் தளம் போன்றவற்றில் இது வரும். ஒரு கோரிக்கை முதல் லிங்கில் போகிறது, அடுத்தது இரண்டாவதில். சர்வர் இரண்டு பொது முகவரிகளைப் பார்த்துவிட்டு அமர்வை முடித்துவிடுகிறது. அந்தத் தளங்களை ஒரே லிங்கில் ஒட்டவையுங்கள், அது விழுந்தால் மட்டும் மற்றது. இதன் உறவினர் இன்னொன்று: வெளி நிறுவனம் ஒன்று தலைமை அலுவலகத்தின் முகவரியை மட்டும் அனுமதித்திருக்கும், கிளை நேராக வெளியேறத் தொடங்கிய நாளில் கதவு மூடும். மாற்றத்துக்கு முன்பே இப்படிப்பட்ட சேவைகளைப் பட்டியலிட்டு, அவற்றை மட்டும் டனல் வழியாக அனுப்பிவிடுங்கள்.

ஒரு லிங்க் போனது, மற்றது எடுத்துக்கொள்ளவில்லை

பெரும்பாலும் சோதிக்கும் இலக்குதான் தவறு. ரவுட்டர் தன் பக்கத்து மோடத்தையோ சேவை நிறுவனத்தின் முதல் ரவுட்டரையோ பிங் செய்துகொண்டிருக்கும். அதற்கு அப்பால் எல்லாம் அறுந்திருந்தாலும் லிங்க் நலம் என்றே காட்டும். இரண்டு மூன்று வெளி முகவரிகளை இலக்காக வைத்து, எல்லாமே தோற்றால் மட்டும் லிங்க் விழுந்ததாகக் கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் வைத்தால் அந்த ஒன்று பதில் சொல்லாத நாளில் நல்ல லிங்கைக் கைவிடுவீர்கள்.

நேர் எதிர் கோளாறும் உண்டு: இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருப்பது. விட்டுப்போவது சீக்கிரம் நடக்கட்டும், திரும்பி வருவது மெதுவாக நடக்கட்டும். சில நொடி இழப்பில் மாறி, ஒரு நிமிடமாவது சுத்தமாக இருந்த பிறகு திரும்பினால் பயனர்கள் நிம்மதியாக இருப்பார்கள். தாவும்போது டனலுக்குள் இருக்கும் இணைப்புகள் பிழைத்துக்கொள்ளும், ஏனென்றால் உள் முகவரி மாறுவதில்லை. நேராக இணையத்துக்குப் போனவை அறுந்துதான் மீளும். அதைக் கோளாறு என்று தேட வேண்டாம்.

சோதிக்கும்போது ரவுட்டரிலிருந்து கேபிளைப் பிடுங்குவது போதாது. மோடத்துக்கு அந்தப் பக்கம் வரும் ஃபைபரைக் கழற்றிப் பாருங்கள். உண்மையில் அறுவது அங்கேதான். இரண்டு நிறுவனங்களின் ஃபைபரும் ஒரே குழாயில் கட்டிடத்துக்குள் வருகின்றனவா என்பதையும் போய்ப் பார்த்துவிடுங்கள். வந்தால், மொபைல் சிம்தான் உங்கள் உண்மையான மாற்று.

200 எம்பிபிஎஸ் வாங்கினோம், கோப்பு நகல் 5-ஐத் தாண்டவில்லை

வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3-ஐ ஒரே இணைப்பில் ஒரு முறை, ஒரே நேரத்தில் எட்டு இணைப்புகளில் ஒரு முறை ஓட்டுங்கள். எட்டில் வேகம் நிறைந்து, ஒன்றில் நிறையவில்லை என்றால் லிங்க் நலம். தாமதமும் டிசிபி சாளரமும் (பதில் வரும் முன் அனுப்பக்கூடிய தரவின் அளவு) தான் காரணம்: 64 கிலோபைட் சாளரம், போய்வர 100 மில்லிநொடி என்றால் உச்சமே 5.2 எம்பிபிஎஸ். இன்றைய இயங்குதளங்கள் சாளரத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும். பழைய சர்வரும், அந்தத் தேர்வை நீக்கிவிடும் இடைக்கருவியும் விடாது. இரண்டு 100 எம்பிபிஎஸ் லிங்க் சேர்ந்து ஒரே நகலுக்கு 200 தராது என்பதும் இதில் அடங்கும், ஏனென்றால் பெரும்பாலான பெட்டிகள் ஓர் இணைப்பை ஒரு லிங்கில்தான் வைக்கும்.

எட்டிலும் நிறையவில்லை என்றால் சோதனை ஓடும்போது பெட்டியின் சிபியூவைப் பாருங்கள். விவரத்தாளில் போட்டிருக்கும் வேகம் 1400 பைட் பாக்கெட்டுக்கும் வெறும் ஃபயர்வாலுக்கும் உரியதாக இருக்கலாம். குறியாக்கம், வடிகட்டல், டிஎல்எஸ் பிரிப்பு மூன்றையும் இயக்கினால் அது பாதிக்கும் கீழே இறங்குவது புதிதல்ல.

சேவை நிறுவனத்துக்கு டிக்கெட் போடும்போது

எம்டிஆர் (வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரிலும் இழப்பைக் காட்டும் கருவி) முடிவை இணைப்பதென்றால் முதலில் அதைச் சரியாகப் படியுங்கள். நடுவில் ஒரு ரவுட்டரில் மட்டும் 60 விழுக்காடு இழப்பு, அதற்கடுத்தவற்றில் பூஜ்யம் என்றால் அது இழப்பே இல்லை. அந்த ரவுட்டர் ஐசிஎம்பிக்குப் பதில் சொல்வதைக் குறைத்து வைத்திருக்கிறது. ஓர் இடத்தில் தொடங்கி கடைசி வரை தொடர்ந்தால்தான் இழப்பு. டனலுக்கு வெளியே எடுத்த முடிவை அனுப்புங்கள், டனலுக்குள் எடுத்தது அவர்களுக்குப் பயன்படாது. மறுமுனையிலிருந்து கிளையை நோக்கியும் ஒன்று எடுங்கள், ஏனென்றால் திரும்பும் வழி பெரும்பாலும் வேறு. நேரத்தை நேர மண்டலத்தோடு குறிப்பிட்டு, அதே நேரத்தில் இரண்டாவது லிங்கில் எடுத்த முடிவையும் பக்கத்தில் வைத்தால் "உங்கள் உள் நெட்வொர்க்கைப் பாருங்கள்" என்ற வழக்கமான முதல் பதில் வராது.